மணிக்கொரு பதிவு மறைக்கும் அதிர்வு: கரும்பாலை டர்பைன்களில் உரசல் குறித்த மறுவாசிப்பு

கச்சிராயபாளையம், மூங்கில்துறைப்பட்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளை நம்பியிருக்கும் கள்ளக்குறிச்சிக் கரும்புப் பகுதியில், அரவைப் பருவத்தில் ஓர் ஆலை நின்றால் வெட்டிய கரும்பு காய்கிறது. அதன் சர்க்கரைச் சத்து இறங்குகிறது. எனவே டர்பைன் தண்டின் அதிர்வு ஏன் ஏறி இறங்குகிறது என்பது ஏட்டளவிலான விவாதமன்று. தவறான விடைக்கு உழவர் விலை கொடுக்கிறார்.

இத்தகைய ஆலைகளில் ஏறி இறங்கும் அதிர்வை நீராவியின் மேல் சுமத்துவதே நிலைபெற்ற வாசிப்பு. சக்கையின் ஈரம் மாறுகிறது, கொதிகலன் அழுத்தம் ஆடுகிறது, மில் அடைத்துக்கொண்டால் சுமை சரிகிறது. அதிர்வும் அதைப் பின்தொடர்கிறது என்பது வாதம். இந்தக் காரணங்கள் பொய்யல்ல. ஆனால் இதற்குக் காட்டப்படும் சான்று பெரும்பாலும் ஒன்றுதான்: மணிக்கு ஒருமுறை அதிர்வளவை எழுதும் லாக் ஷீட். அதில் அதிர்வு ஷிஃப்ட்டோடு சேர்ந்து ஏறி இறங்கினால், சுமையே காரணம் என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

அந்தத் தாள் இம்முடிவைத் தாங்காது. 60 நிமிடத்துக்கு ஒருமுறை அளக்கும் பதிவு, 120 நிமிடத்துக்குக் குறைவான சுழற்சியை உள்ளபடி காட்ட முடியாது. உண்மையான அதிர்வு சுமார் 53 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறி இறங்குவதாகக் கொள்வோம். ஒவ்வொரு பதிவும் முந்தைய சுழற்சியைவிட ஏறத்தாழ ஏழு நிமிடம் தள்ளிய இடத்தில் விழும். தாளில் தெரிவது ஏறத்தாழ 8 மணி நேர அலை, அதாவது கிட்டத்தட்ட ஒரு ஷிஃப்ட்டின் நீளம். சுழற்சி 60 நிமிடமே என்றால் தாளில் அதிர்வு அசையவே அசையாது. ஷிஃப்ட்டோடு பொருந்துவதால் சுமையே காரணம் என்ற வாதத்தின் அடித்தளம் இங்கே தளர்கிறது.

இத்தனை மெதுவான சுழற்சியை உண்டாக்கும் இயக்கம் புதியதன்று. 1926இல் நியூகர்க் விளக்கிய உரசல் விளைவு அது. தண்டு, நிலையான பாகம் ஒன்றை ஒரே பக்கத்தில் தொடும்போது அப்பக்கம் சூடேறித் தண்டு வளைகிறது. வளைவு புதிய சமநிலைக்குறைவாகிறது. அதனால் தொடும் இடம் நகர்கிறது, சூடும் கூடவே நகர்கிறது. ஒரு சுற்றுக்குச் சில நிமிடங்களும் ஆகலாம், சில மணி நேரமும் ஆகலாம். தண்டைச் சுற்றியுள்ள நீராவி அடைப்பான கிளாண்டில் கசியும் நீராவியின் வெப்பத்தில், எண்ணெய் வெளியேறாமல் தடுக்கும் ஆயில் கார்டு வளையத்தில் எண்ணெய் கருகிப் படியும் இடம், இந்த உரசலுக்கு வாய்ப்பான இடம்.

வேறுபடுத்தும் வழி அளவில் இல்லை, கோணத்தில் இருக்கிறது. சுழல்வேகத்துக்குரிய அதிர்வின் அளவையும் கோணத்தையும் வட்ட வரைபடத்தில் தொடர்ந்து குறித்தால், உரசலில் அந்தப் புள்ளி ஒரே திசையில் மறுபடி மறுபடி வட்டமிடும். சுமை மாற்றத்தில் அது போன வழியை ஒட்டியே திரும்பும். வெப்பம் பின்தங்குவதால் சுமை மாற்றமும் ஒரு குறுகிய வளையத்தை வரையலாம். ஆயினும் சுமை நிலையாக இருக்கும்போது தானாகச் சுற்றிக்கொண்டிராது. அருகிலுள்ள எந்திரத்தின் அதிர்வு கலப்பதாகச் சொல்வோர், அந்த எந்திரம் நின்ற பிறகும் சுழற்சி நீடிக்கிறதா என்று பார்த்தால் போதும்.

இன்னொரு சோதனைக்குத் தனிச் செலவே இல்லை. டர்பைனை நிறுத்தும்போது வேகம் இறங்கி, தண்டின் இயல்பதிர்வோடு ஒத்திசையும் மாறுநிலை வேகத்தைக் கடக்கையில் எழும் அதிர்வை, குளிர்நிலையில் கிளப்பியபோது அதே வேகத்தில் கண்ட அதிர்வோடு ஒப்பிடலாம். இறங்கும்போது தெளிவாகக் கூடியிருந்தால், ஓட்டத்தில் தண்டு வளைந்திருக்க வாய்ப்பு அதிகம்.

எல்லா ஏற்ற இறக்கத்துக்கும் உரசலே காரணம் என்பது இக்கட்டுரையின் கூற்றன்று. மணிக்கொரு பதிவை வைத்து உரசலை விலக்கிவிட முடியாது என்பதே கூற்று. அதில் எனக்கு ஐயமில்லை. உரசலை அறியாமல், திசை மாறிக்கொண்டே இருக்கும் அதிர்வுக்கு ஓரிடத்தில் எடை கட்டிச் சமன் செய்வது, ஒரு வேளைக்குக் குறைத்து மறுவேளைக்குக் கூட்டும். அரவை நிற்கும் முன்பே ஆலைகள் நிலையான சுமையில் சில மணி நேரம் கோணத்தோடு தொடர்பதிவு எடுக்கட்டும். வட்டம் தெரிந்தால் எடையைத் தொடாமல், வளையத்தின் கரிப்படிவையும் கிளாண்ட் இடைவெளியையும் முதலில் சரிசெய்யட்டும்.