காலிப் பாத்திரத்தின் எடை

கேமரா சென்சாரில் ஒவ்வொரு புள்ளியையும் அளக்குறதுக்கு முன்னாடி, பழைய மின்னேற்றத்தைக் காலி பண்ணணும். சிக்கல் என்னன்னா, அது ஒரே மாதிரி காலியாகாது. ஒவ்வொரு தடவையும் சில எலக்ட்ரான்கள் கூடக்குறைய தங்கிடும். இருட்டில் எடுத்த படம் பொரிப்பொரியா தெரிய இதுவும் ஒரு காரணம்.

1974ல் வெஸ்டிங்ஹவுஸின் மார்வின் வைட் குழு வெளியிட்ட தீர்வு, நம்ம எண்ணெய்க்கடைக் கணக்குதாங்க! முதல்ல காலிப் பாத்திரத்தை எடை போடு, அப்புறம் எண்ணெயோட போடு, கழிச்சுடு. அதாவது வெளிச்சம் தந்த மின்னேற்றம் வந்து சேர்றதுக்கு முன்னாடி ஒரு அளவு, சேர்ந்த பிறகு ஒரு அளவு.

1990களில் நாசாவின் ஜேபிஎல் ஆய்வுக்கூடத்தில் எரிக் ஃபாசம் குழு இந்தக் கழித்தலை சிமாஸ் சில்லுக்குள்ளயே கொண்டுவந்தது. இன்னைக்கு நம்ம செல்போன்ல இருக்கிறது அந்த வம்சம்தான்.

இரைச்சலை ஒழிக்க முடியலையா? அளந்து கழிச்சுடு. என்ன மூளை பாருங்க!