‘நம்ம வீடு’ யாருடைய வீடு?

உயர்நிலை இரண்டு மாணவர்களைத் தேக்காவுக்கு மரபுடைமை உலா கூட்டிக்கொண்டு போகிற ஆசிரியர்கள் எல்லாரும் ஒரு வீட்டின் முன்னால் கட்டாயம் நிற்பார்கள். கெர்பாவ் ரோடு 37ஆம் எண். வானவில்லைக் கொட்டிக் கவிழ்த்த மாதிரி, சன்னலுக்கு ஒரு நிறம், கதவுக்கு ஒரு நிறம் என்று நிற்கிற தான் தெங் நியா வீடு. பிள்ளைகள் உடனே கைத்தொலைபேசியை எடுத்துவிடுவார்கள். இந்தியர் வட்டாரத்தில் இருப்பதால் அது இந்தியர் வீடு என்றுதான் பாதிப் பேர் நினைக்கிறார்கள். இல்லை. அது ஒரு சீனத் தவுக்கேயின் வீடு. 1900ஆம் ஆண்டு கட்டியது. எட்டு அறைகள். தான் தெங் நியா சிராங்கூன் ரோட்டில் மிட்டாய் ஆலைகள் வைத்திருந்தவர். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் புகை போடும் கூடமும் இருந்தது. லிட்டில் இந்தியாவில் இன்றைக்கு மிஞ்சி நிற்கும் சீன வில்லா இது ஒன்றுதான். 1980களில் புதுப்பித்தார்கள். இப்போதுள்ள வண்ணங்கள் அதற்குப் பிறகு ஏறியவை. முதலில் சுவர் வெள்ளை, கூரை ஓடு பச்சை என்று சொல்வார்கள்.

இதையெல்லாம் நான் வழக்கம்போலச் சொல்லி முடித்தேன். கடைசி வரிசையில் நின்ற ஒரு பையன் கேட்டான்: “டீச்சர், எட்டு ரூம்ல அவரு மட்டுமா இருந்தாரு? சமையல் யாரு செஞ்சா?”

நல்ல கேள்வி. பலகையில் ஒரு பெயர்தான் இருக்கிறது. பழைய வீடுகளின் வரலாறு முக்கால்வாசி இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. கட்டியவர் பெயர் நிற்கும், குடியிருந்தவர் பெயர் நிற்காது. அந்தப் பையனுக்குப் பதில் சொல்ல முடியாமல் பள்ளிக்குத் திரும்பிய அன்றுதான், எங்கள் குடும்பத்துப் பழைய வீட்டைத் தேடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் குடும்பத்திலும் ஒரு ‘நம்ம வீடு’ உண்டு. அதே தேக்கா வட்டாரத்தில், ஒரு பக்கத்துத் தெருவில், இரண்டு மாடிக் கடைவீடு. தாத்தா ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து, மளிகைக்கடை ஒன்றில் கணக்கெழுதி, அந்த வீட்டில்தான் குடும்பம் நடத்தினார். பாட்டி சாகும்வரை அதை ‘நம்ம வீடு’ என்றே சொன்னார். தாத்தா போன பிறகு, 1970களில், மற்றவர்கள் எல்லாம் தோ பாயோ வீவக வீட்டுக்கு மாறினார்கள். சித்தப்பா மட்டும் கொஞ்ச நாள் அங்கேயே இருந்தார். பிறகு அவரும் காலி செய்தார். அதற்கப்புறம் அத்தை வாயிலிருந்து ஒரே பேச்சு: “நம்ம வீட்டை வித்துத் தின்னுட்டான்.” சித்தப்பா ஜோகூரில் இருக்கிறார். கல்யாணம், கருமாதி எதற்கும் அத்தை அவரோடு பேசுவதில்லை. நான் பிறந்ததிலிருந்து இப்படித்தான்.

சரி, எங்கே தொடங்குவது? முதலில் வீட்டையே பார்க்கச் சொல்வேன். நகர மறுசீரமைப்பு ஆணையம் கடைவீடுகளை முகப்பை வைத்து வகை பிரித்திருக்கிறது. குட்டையாக, அலங்காரம் இல்லாமல், மாடியில் ஒன்றிரண்டு சன்னலோடு இருந்தால் 1840க்கும் 1900க்கும் இடைப்பட்ட ஆரம்பகால வகை. பூவேலை, வண்ண ஓடு, மூன்று சன்னல் என்று பகட்டாக இருந்தால் 1900க்குப் பிந்திய வகை. நேர்கோடும் கொடிக்கம்பமுமாக இருந்தால் 1930க்குப் பிறகு வந்த ஆர்ட் டெக்கோ. லிட்டில் இந்தியா 1989 ஜூலையில் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அரசிதழில் அறிவிக்கப்பட்டதால் முகப்புகள் பெரும்பாலும் தப்பித்துவிட்டன. எங்கள் வீடும் தப்பியிருந்தது. இப்போது கீழே கைத்தொலைபேசிக் கடை. மாடி முகப்பில் பூவேலை இருந்தது, அஞ்சடியில் பழைய ஓடு ஒன்றிரண்டு கிடந்தது. அஞ்சடி என்று நம் தாத்தாமார்கள் சொன்ன அந்த ஐந்தடி நடைபாதையைப் பிள்ளைகளுக்குக் காலால் அளந்து காட்டலாம். அளந்தால் ஐந்தடியைவிட அகலமாக இருக்கும் இடங்களும் உண்டு.

அடுத்தது கட்டட வரைபடம். கேனிங் ரைசில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 1880கள் தொடங்கி நகராட்சியிடம் தாக்கல் செய்யப்பட்ட வரைபடங்கள் இருக்கின்றன. தெருப் பெயரை வைத்துத் தேடலாம். இங்கே ஒரு எச்சரிக்கை. வீட்டு எண்ணை மட்டும் நம்பிப் போகாதீர்கள். எண்கள் மாறும், தெருப் பெயரே மாறும். ராஃபிள்ஸ் பிளேஸ் 1858 வரைக்கும் கமர்ஷியல் ஸ்குவேர்தானே! அத்தையின் பிறப்புச் சான்றிதழில் ஓர் எண், தாத்தாவின் அடையாள அட்டையில் வேறோர் எண். இரண்டு வீடு போலிருக்கிறது என்று ஒரு மாதம் வீணாய் அலைந்தேன். நில எண்ணைப் பிடித்த பிறகுதான் இரண்டும் ஒன்றே என்று தெளிந்தது. அந்த நில எண் எனக்குக் கிடைத்தது வரைபடத்தில் அல்ல, பழைய ஆங்கிலச் செய்தித்தாளில் வந்த ஒரு ஏல விளம்பரத்தில். சொத்தை ஏலம் விடுகிறவர்கள் நில எண், பரப்பளவு, வீட்டு எண் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டுவிடுவார்கள். தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

வரைபடம் கையில் வந்த அன்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. மையில் வரைந்த முகப்பு, நடுவில் காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விட்ட திறந்த முற்றம், பின்னால் சமையற்கட்டு. பிற்பாடு சேர்த்த கழிவறைக்குத் தனி வரைபடம். அதில் பின்சந்துப் பக்கம் வாளி எடுக்க ஒரு சின்னக் கதவு. (வாளிக் கழிவறை சிங்கப்பூரில் 1987ல்தான் முற்றாக ஒழிந்தது. இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள், பிறகு நிறையக் கேள்வி கேட்பார்கள்.) விண்ணப்பித்தவர் பெயர் இருந்த இடத்தில் ஒரு சீனப் பெயர். மூன்று கடைவீடுகளை ஒரே வரிசையாகக் கட்டியிருக்கிறார்.

பரவாயில்லை, தாத்தா பிறகு வாங்கியிருப்பார் என்று நினைத்தேன். கட்டணம் கட்டி நிலப்பதிவேட்டில் தேடினேன். கை மாறிய பெயர்கள் வரிசையாக வந்தன. சீனர், செட்டியார், மறுபடி சீனர், பிறகு ஒரு நிறுவனம். தாத்தா பெயர் எதிலும் இல்லை. எழுத்துப்பிழையாக இருக்குமோ என்று எல்லா விதத்திலும் தேடினேன். அந்தக் காலக் குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதியவர்கள். கறுப்பையா என்ற ஒரே பெயர் ஆங்கிலத்தில் ஏழெட்டு வேடம் போடும். எந்த வேடத்திலும் தாத்தா வரவில்லை. ‘நம்ம வீடு’ ஒருநாளும் நம்ம வீடாக இருந்ததில்லை.

அப்போது எனக்கு வந்தது ஏமாற்றம்தான், மறைக்கவில்லை. ஆனால் உண்மையான தேடல் அங்கேதான் தொடங்கியது. சொந்தக்காரனைத் தேடினால் பதிவேடு போதும். வாடகைக்கு இருந்தவனைத் தேட வேறு வழி வேண்டும்.

வாடகை எப்படி நடந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி புரியும். 1947ல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. போருக்கு முந்திய வீடுகளுக்கு வாடகையை ஏற்றக் கூடாது, குடியிருப்பவரை நினைத்தபடி வெளியேற்றவும் கூடாது. அந்தச் சட்டம் 2001 வரை இருந்தது. சொந்தக்காரருக்கு வருமானம் இல்லாததால் வீட்டைப் பழுதுபார்க்க மாட்டார். குடியிருப்பவரும் போகமாட்டார். ஒரு தலைமை வாடகைக்காரர் முழு வீட்டையும் எடுத்து, பலகை வைத்துத் தடுத்து, தடுப்பு தடுப்பாக உள்வாடகைக்கு விடுவார். அதனால்தான் வரைபடத்தில் மாடி வெறும் கூடமாக இருக்கும், நிஜத்தில் அங்கே ஆறேழு குடும்பம் இருக்கும். சைனாடவுனில் ஒரே தெருவை எடுத்துக்கொண்டு வீடு வீடாக, தடுப்பு தடுப்பாக யார் யார் இருந்தார்கள் என்று ஆராய்ந்து பேரிங்டன் கேய் எழுதிய ‘அப்பர் நான்கின் ஸ்திரீட்’ 1960ல் வெளிவந்தது. சன்னலே இல்லாத தடுப்புகளில் மனிதர்கள் வாழ்ந்ததை அதில் காணலாம். தேக்காவுக்கு அப்படி ஒரு நூல் இருந்திருந்தால் என் வேலை மிச்சமாகியிருக்கும்.

இங்கே இன்னொரு விஷயமும் தெரிந்தது. உள்வாடகைக்கு இருப்பவர் காலி செய்யும்போது, புதிதாக வருகிறவர் கையில் ஒரு தொகை கொடுப்பார். சட்டம் ஒப்புக்கொள்ளாத பணம். ஆனால் ஊரெல்லாம் நடந்தது. அதற்குப் பெயர் ‘டீ மணி’. சித்தப்பா வாங்கியது இதுவாக இருக்குமோ என்று ஒரு பொறி தட்டியது.

ஆதாரம் வேண்டுமே. வாய்மொழி வரலாற்று நிலையம் 1979லிருந்து பேட்டிகளைப் பதிவு செய்து வருகிறது. தமிழிலும் உண்டு. தேக்காவில் வாழ்ந்த பெரியவர்கள் பேசியதைச் சில மாலைகள் கேட்டேன். எங்கள் தெரு வந்தது, எங்கள் வீடு வரவில்லை. 1935ல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைப் புரட்டினேன். தமிழாசிரியர்களுக்கு இதில் ஒரு வசதியும் ஒரு தொல்லையும் இருக்கிறது. மரண அறிவிப்பு, சங்கக் கூட்டம், வீடு மாறிய அறிவிப்பு என்று முகவரியோடு தமிழர் பெயர்கள் அங்கேதான் கிடைக்கும். தொல்லை என்னவென்றால், சாலைப் பெயரை ஆளுக்கு ஒரு விதமாக எழுதியிருப்பார்கள். டிக்சன், டிக்ஸன், டிக்கிசன். ‘ரோடு’, ‘ரோட்’, ‘ரஸ்தா’. தேடுபெட்டியில் ஒரு வடிவம் போட்டால் மற்றவை வராது. கண்ணால் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. எங்கள் வீட்டு எண்ணோடு ஒரு மரண அறிவிப்பு கிடைத்தது. எங்கள் உறவு இல்லை. பக்கத்துத் தடுப்பில் இருந்தவராக இருக்க வேண்டும்.

கடைசியில் ஆதாரம் எந்தக் காப்பகத்திலும் இல்லை, அத்தை வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டப்பாவில் இருந்தது. தாத்தாவின் அடையாள அட்டை, ஊரிலிருந்து வந்த கடிதங்கள், 2603 என்று ஆண்டு போட்ட ஒரு சீட்டு (ஜப்பானியர் கணக்கு, 1943), அடியில் நூலால் கட்டிய சின்னக் கட்டு. பிரித்தேன். வாடகை ரசீதுகள். தாத்தா பெயர், மாதம், ‘மாடி நடு அறை’, 12 வெள்ளி, தலைமை வாடகைக்காரரின் கையெழுத்து. அத்தை அவற்றை இத்தனை வருடம் வைத்திருந்தார், ஆனால் ஆங்கிலத்தில் இருந்ததால் படித்ததில்லை. வீட்டுப் பத்திரம் என்றே நினைத்திருக்கிறார்.

படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. “நடு அறையா? முன் அறைன்னுல்ல அம்மா சொல்லும்” என்றார்.

வகுப்பில் இதைச் செய்து பார்க்க நினைக்கிற ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ‘உங்கள் வீட்டில் இருக்கும் மிகப் பழைய முகவரியைக் கண்டுபிடித்து வா’ என்று மட்டும் சொல்லுங்கள். பிறப்புச் சான்றிதழ், பள்ளி அறிக்கை, திருமணப் பத்திரிகை, எதில் வேண்டுமானாலும் இருக்கலாம். என் வகுப்பில் சிராங்கூன் கடைவீடு வந்தது, செம்பவாங் கடற்படைத் தளக் குடியிருப்பு வந்தது, ஜோகூர்த் தோட்டத்து லயன் வீடு வந்தது. அடையாள அட்டை எண்களை மறைத்த பிறகே நகலெடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் சிலர் பேச விரும்ப மாட்டார்கள், அதை வற்புறுத்த வேண்டாம். எங்கள் வீட்டிலேயே பாருங்கள், ஒரு முகவரிக்குள் எவ்வளவு மனத்தாங்கல்!

சித்தப்பாவுக்குத் தொலைபேசி போட்டேன். ‘டீ மணி’ என்ற சொல்லை நான் முடிக்கும் முன்பே அவர் ஆரம்பித்துவிட்டார். “ஆமா, முந்நூறு வெள்ளி. அதுலதான் அப்பாவோட மளிகைக்கடைக் கடனை அடைச்சேன். அக்கா கேட்கவே இல்லையே. வீட்டை வித்தேன்னுல்ல சொல்லுச்சு. யாரு வீட்டை நான் விக்கிறது?”

அடுத்த வாரம் வரைபடத்தைப் பெரிதாக நகலெடுத்து அத்தையிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு பேனா கேட்டார். வெறுமையாக இருந்த மாடிக் கூடத்தில் கோடு போட ஆரம்பித்தார். இங்கே நாங்கள். இங்கே பால்காரர் குடும்பம், அஞ்சு பிள்ளைங்க. இங்கே துறைமுகத்தில் வேலை செய்த இரண்டு அண்ணன் தம்பி, ராத்திரி ஒருத்தர், பகலில் ஒருத்தர், ஒரே கட்டில். முற்றத்து ஓரம் ஒரு சீனப் பாட்டி, தனியாள், அத்தைக்குத் தலை பின்னிவிடுவார். ஏழு தடுப்பு, இருபத்து மூன்று பேர். பலர் பெயர் நினைவிருந்தது. அந்தக் காகிதம் இன்றைக்கு என்னிடம் இருக்கிறது.

அடுப்பு எங்கே இருந்தது என்பதில்தான் சந்தேகம் வந்தது. அத்தை யோசித்தார். பிறகு என்னைப் பார்த்து, “அவனுக்குப் போடு” என்றார். போட்டேன். நலமா என்றுகூடக் கேட்கவில்லை. “டேய், அம்மா அடுப்பு படிக்கட்டுப் பக்கமா, முற்றத்துப் பக்கமா?” சித்தப்பா படிக்கட்டுப் பக்கம் என்றார். அத்தை இல்லவே இல்லை என்றார். நாற்பது நிமிடம் சண்டை போட்டார்கள்.