நாவை நோக்கிய வழி

வெலிங்டனில் மாலை வேளைகளில் நான் உலாவச் செல்லும்போது உடன் வருபவர், மதராஸ் ரெஜிமெண்டிலிருந்து ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர். நெடுங்காலம் வெற்றிலையோடு புகையிலையும் மென்றவர். நாவின் இடப்புற ஓரத்தில் ஒரு புண் தோன்றியது. பல் கடித்த புண்தானே என்று ஆறு மாதம் வாளாவிருந்தார். அது புற்றுநோய். நாவில் ஒரு பகுதியை அறுத்து நீக்கினார்கள். இன்று சற்றே குழறினாலும் பேசுகிறார். "அணிவகுப்புக் கட்டளை மட்டும் இனி எடுபடாது" என்று சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஏறத்தாழ இருநூறாண்டு வரலாறு இருக்கிறது.

வாயைத் திறந்தால் தெரியும் உறுப்பை அறுப்பதில் என்ன கடினம் என்று மாணவ நேயர்கள் கேட்கலாம். நுனியளவில் அது சரி. அடிநாக்கை எட்டுவது அரிது. எட்டினாலும் இரத்தம் பெருகி மூச்சுக் குழாயில் இறங்கிவிடும். ஆகவே வேறு வாயில் தேடினார்கள். 1836இல் பிரெஞ்சு நிபுணர் ரூ, கீழுதட்டையும் தாடையெலும்பையும் நடுவே பிளந்து வழி கண்டார். ஈதர் மயக்கம் உலகறிய வந்தது 1846இல்தான். தாடை பிளக்கப்பட்டவர் விழித்திருந்தார் என்பதைச் சற்றே எண்ணிப் பாருங்கள்! 1838இல் இத்தாலியரான ரெக்னோலி மோவாய்க்குக் கீழிருந்து புகுந்தார்.

1880இல் சுவிட்சர்லாந்தின் கோக்கர் செய்ததையே நான் பெரிதாகக் கருதுகிறேன். தாடைக்கடியில் கழுத்தைத் திறந்து, நாவுக்குச் செல்லும் இரத்தக் குழாயை முதலில் கட்டினார். அவ்வழியே நிணநீர்க் கணுக்களையும் அகற்றினார். நோய் நாவோடு நிற்பதில்லை என்பதை அவர் கத்தி அறிந்திருந்தது. 1906இல் அமெரிக்கரான கிரைல், 132 அறுவைகளின் அனுபவத்தைக் கொண்டு, கழுத்துக் கணுக்களைச் சுற்றுத் திசுக்களோடு ஒரே தொகுதியாக நீக்கும் முறையை வெளியிட்டார். உயிர் பிழைத்தோர் பலருக்குத் தோள் சரிந்தது. தோள் நரம்பைக் காக்கும் முறைகள் பின்னரே வந்தன.

நம் நாட்டில் இந்நோய் புதிதன்று. நெய்யூர் மிஷன் மருத்துவமனையின் டாக்டர் ஆர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933இலேயே எழுதினார்.

ஒரு வினா மட்டும் நெடுநாள் தீராமல் இருந்தது. கழுத்தில் கட்டி ஏதும் தட்டுப்படாத ஆரம்ப நோயாளிக்கும் கழுத்தை அறுக்க வேண்டுமா, அல்லது காத்திருக்கலாமா? மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 2015இல் விடை தந்தது. ஆராயப்பட்ட 500 பேரில் பெரும்பாலோர் நாக்குப் புற்றுடையோர். நாவோடு கழுத்தையும் சேர்த்து அறுத்த பிரிவில், மூன்றாண்டுக்குப் பின் நூற்றுக்கு 80 பேர் உயிரோடிருந்தனர். காத்திருந்த பிரிவில் 67.5.

சுபேதாரின் கழுத்திலும் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. ஆயினும் அறுத்தார்கள், எடுத்த கணுக்களுள் இரண்டில் நோய் இருந்தது. சீன நிபுணர்கள் 1981இல் வெளியிட்ட முன்கைத் தோல் ஒட்டு முறை, பின்னாளில் நாவைச் சீரமைக்கவும் பயன்பட்டது. அதுவே இவருக்கும் செய்யப்பட்டது. குளிர் மிகுந்த மாலையிலும் சட்டைக் கையைச் சுருட்டி, மணிக்கட்டுக்கு மேலுள்ள சதுரத் தழும்பைக் காட்டுவார்: "ஐயா, என் நாக்கு முன்பு குடியிருந்த வீடு இது!"