வரைக்கமுகும் ஒரு கவர்னரும்

சென்னையில் இன்று ராஜாஜி சாலை என்று வழங்கும் கடற்கரை வீதியில் பென்டிங் பில்டிங் என்று ஒரு பழைய மாளிகை இருந்தது. ஒரு காலத்தில் அங்கே சுப்ரீம் கோர்ட் நடந்தது. பிறகு அது கலெக்டர் கச்சேரியாயிற்று. அதை இடித்துவிட்டு அந்த இடத்தில் சிங்காரவேலர் மாளிகையைக் கட்டியிருக்கிறார்கள். பென்டிங் துரையின் பெயரைத் தாங்கிய கட்டிடம் போய்விட்டது. ஆனால் அதே பெயரைத் தாங்கி, அப்படித் தாங்குகிறோம் என்றே தெரியாமல், ஒரு மரம் திருநெல்வேலிக்கும் திருவாங்கூருக்கும் இடைப்பட்ட மலைகளில் நின்றுகொண்டிருக்கிறது.

அதை மலையடிவாரத்துத் தமிழர்கள் வரைக்கமுகு என்பார்கள். வரை என்றால் மலை. பார்வைக்குக் கமுகு போலவே ஒல்லியாக, கிளையில்லாமல், முப்பதடி உயரம் வரை வளரும். அகஸ்திய மலையைச் சுற்றியுள்ள ஈரம் உலராத சோலைக்காடுகளில், மூவாயிரம் அடிக்கு மேலே, செங்குத்தான பாறைச் சரிவுகளில்தான் அதைப் பார்க்கலாம். தாவர சாஸ்திரத்தில் இதற்குப் பெயர் 'பென்டிங்கியா கொண்டபன்னா'. இந்தக் குலத்தில் மொத்தமே இரண்டு இனங்கள்தான். இன்னொன்று கடல் தாண்டி நிக்கோபார் தீவுகளில் இருக்கிறது.

பெயர் சூட்டியவர் ஆண்ட்ரூ பெரி என்கிற சென்னை டாக்டர். அந்நாளில் சென்னையின் தலைமை வைத்தியராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனுக்கு அவர் மருமகன் முறை. ஆண்டர்சன் விசித்திரமான மனிதர். 1786-ல் சென்னைப் பக்கத்துப் புல்லில் சில பூச்சிகளைக் கண்டு, சிவப்புச் சாயம் தரும் மெக்ஸிகோ தேசத்துப் பூச்சி நம் ஊரிலேயே கிடைத்துவிட்டது என்று லண்டனுக்குக் கடிதம் மேல் கடிதமாக எழுதியவர். அந்தப் பூச்சிகளை வளர்ப்பதற்காகவே சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் ஒன்று போட்டார்கள். அதை மேற்பார்த்தவர் பெரி. சாயம் எதிர்பார்த்தபடி வரவில்லை. 1800-ல் தோட்டமும் கலைந்து, செடிகள் பெங்களூர் லால்பாக்குக்குப் போய்ச் சேர்ந்தன. ஆனால் பெரிக்குச் செடிகொடிகளின் மேல் ஏற்பட்ட பிரியம் மட்டும் கலையவில்லை.

பெரி வைத்த பெயரை ஏட்டில் ஏற்றியவர் கல்கத்தா தோட்டத்து அதிகாரி ராக்ஸ்பர்க். அவருடைய பெரிய நூல் அச்சாகி வந்தது 1832-ல்; செராம்பூர் பாதிரியார் கேரி அதை வெளியிட்டார். 1832-ல் பென்டிங் கவர்னர் ஜெனரல். ஆகவே, அந்தப் பெரிய பதவிக்குப் போட்ட கும்பிடு இது என்று நினைக்கத் தோன்றும். கொஞ்சம் கணக்குப் பார்த்தால் அது சரிப்படாது. ராக்ஸ்பர்க் 1813-லேயே கல்கத்தாவை விட்டுப் புறப்பட்டு 1815-ல் காலமாகிவிட்டார். அவர் விட்டுப்போன கையெழுத்துப் பிரதியில் இருந்த பெயர் இது. பென்டிங் கவர்னர் ஜெனரலானதோ 1828-ல். அப்படியானால் பெரி கௌரவித்தது சென்னையின் கவர்னரை. 1803-ல் இருபத்தெட்டே வயதில் வந்து இறங்கிய இளம் பென்டிங்கை.

அந்தச் சென்னைப் பென்டிங்கின் கதை நன்றாக முடியவில்லை. சிப்பாய்கள் நெற்றியில் ஜாதிக் குறி இடக்கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்ட வேண்டும் என்று பிரதம தளபதி கிராடக்கின் இலாகாவிலிருந்து உத்தரவு பிறந்தது. 1806 மே மாதம் வேலூரில் அதை மறுத்தவர்களுக்குச் சவுக்கடி கிடைத்தது. கவர்னரின் கவுன்சில் உத்தரவின் பக்கமே நின்றது. ஜூலை 10-ம் தேதி விடியுமுன் கோட்டைக்குள் துப்பாக்கி வெடித்தது. அதன் பிறகு எத்தனை பேர் மாண்டார்கள் என்பதைச் சரித்திரப் புஸ்தகங்களில் படித்திருப்பீர்கள். 1807-ல் கம்பெனியார் பென்டிங்கையும் கிராடக்கையும் திருப்பி அழைத்துக்கொண்டார்கள்.

ஒருவனுடைய தலையில் எதை வைக்கலாம், எதை அழிக்கலாம் என்று அவனைக் கேளாமலே தீர்மானித்த சர்க்கார் அது. அந்தச் சர்க்காரின் தலைவர் பெயரை, மலையைக் கேளாமலே, மலைமரத்தின் தலையில் வைத்தார் ஒரு டாக்டர். இதில் பெரியைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் மரத்துக்கு இரண்டு பெயர் வைத்தார். முதலாவது கவர்னருடையது; இரண்டாவது, மலைப்பக்கத்து ஜனங்கள் வாயிலிருந்து கேட்டு எழுதியது. அந்தக் 'கொண்டபன்னா'வின் பின்பாதி நம்முடைய பனைதான். துரைமார் பெயரிட்ட தெருக்களில் பழைய ஊர்ப்பெயர் தடமில்லாமல் போனதுண்டு. இங்கே அது கவர்னரின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

தெருவின் பெயரை முனிசிபாலிடி மாற்றலாம். தாவர சாஸ்திரப் பெயரை அப்படி நினைத்த மாத்திரத்தில் மாற்ற முடியாது. பெயர் நிலைத்துவிட்டது, மரம் நிலைக்குமா என்பதுதான் கேள்வி. யானைக்கு வரைக்கமுகு என்றால் உயிர். இதற்கோ ஒரே ஒரு குருத்து. குருத்தை முறித்தால் பக்கத்தில் கிளைக்காது, மரமே போயிற்று. அதனால் யானைக்கால் எட்டும் இடங்களில் அற்றுப்போய், எட்டாத பாறை விளிம்புகளில் மட்டும் தப்பி நிற்கிறது. யானையாவது பாறைக்குப் பயப்படும். மனிதன் அதற்கும் பயப்படவில்லை. அந்த உயரத்துக் காடுகள்தான் தேயிலைக்கும் ஏலத்துக்கும் உகந்தவை. 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் காடு 99 வருஷக் குத்தகைக்குப் போய் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டமாயிற்று. திருவாங்கூர் மலைகளில் அதற்கும் முன்பே கோடரி ஏறிவிட்டது. 1998-ல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அழிவை நோக்கிச் செல்லும் இனங்களின் பட்டியலில் வரைக்கமுகையும் சேர்த்தது.

பென்டிங் பிற்காலத்தில் உடன்கட்டையைச் சட்டத்தால் தடுத்தார். அதற்காகச் சரித்திரம் அவரை நினைவில் வைத்திருக்கும். அவருக்கு இந்த மரம் தேவையில்லை. காட்டு ஜனங்கள் சொல்லித் தந்த பனைக்குத்தான் வேறு கதி இல்லை. பாறையில் நிற்கிற மரம் சாய்ந்துவிட்டால், அந்தப் பெயருக்கு மிஞ்சுவது புஸ்தகத்தில் ஒரு வரிதான்.