சட்டைப்பையில் அடங்கிய சரித்திரம்

பழைய கேமராக்களைச் சேர்ப்பது என் நெடுநாள் பழக்கம். "இந்த ஓட்டை டப்பாவில் என்ன சார் இருக்கு?" என்று நண்பர்கள் கேட்பதுண்டு. அதற்குப் பதிலாக ஒரே ஒரு மடக்கு கேமராவின் வரலாற்றை இங்கே சொல்லுகிறேன்.

அதன் பெயர் வெஸ்ட் பாக்கெட் கோடக். வெஸ்ட் என்றதும் நமக்குப் பனியன்தான் ஞாபகம் வரும். அமெரிக்காவில் அது கோட்டுக்குள் போடும் கையில்லாச் சட்டை. அந்தச் சட்டைப்பையில் வைக்கும்படி 1912-ல் ஈஸ்ட்மன் கோடக் கம்பெனி இதை வெளியிட்டது. விலை 6 டாலர். மடித்தால் நீளத்தில் இன்றைய செல்போனைவிடச் சிறியது, தடிமன்தான் ஓர் அங்குலம். முன்பக்கத்தை இழுத்தால் கத்தரிபோல் விரியும் உலோகக் கைகளும், நடுவில் தோல் துருத்தியும் வெளியே வரும். இதற்கென்றே 127 என்ற பிலிம் சுருளும் வந்தது. ஒரு சுருளில் 8 படங்கள், ஒவ்வொன்றும் 4 × 6.5 சென்டிமீட்டர்.

பெயர் ஒன்றுதான் என்றாலும் எல்லாம் ஒரே கேமரா அல்ல. 1914 வரை வந்தவற்றின் பின்பக்கத்தில் எழுதும் வசதி கிடையாது. 1915 முதல் வந்த 'ஆட்டோகிராபிக்' வகையில் பின்னால் ஒரு குட்டிக் கதவும் உலோக எழுத்தாணியும் இருக்கும். படம் எடுத்ததும் கதவைத் திறந்து, தேதியையோ பெயரையோ சுருளின் மேல்தாளில் எழுதி, சில விநாடி வானத்து வெளிச்சத்தில் காட்ட வேண்டும். தாளுக்கும் பிலிமுக்கும் நடுவே உள்ள கார்பன் தாள் எழுத்தாணி அழுத்திய இடத்தில் மட்டும் ஒளியை உள்ளே விடும். கழுவிப் பார்த்தால் படத்தின் ஓரத்தில் நம் கையெழுத்து! ஹென்ரி கைஸ்மன் என்பவரின் இந்தக் கண்டுபிடிப்புக்கு ஜார்ஜ் ஈஸ்ட்மன் 1914-ல் 3 லட்சம் டாலர் கொடுத்தார்.

1926-ல் வந்த 'சீரீஸ் 3' வகையில் கத்தரிக் கைகள் போய், கீழ்நோக்கித் திறக்கும் பலகைக் கதவு வந்தது. 1928-ல் பெண்களைக் கவர 'வேனிட்டி' என்று வண்ண வண்ணமாகவும் விற்றார்கள். ஆக, கதவையும் எழுத்தாணியையும் பார்த்தே கேமராவின் காலத்தை ஓரளவு சொல்லிவிடலாம்.

முதல் உலகப்போரில் இதைச் 'சிப்பாயின் கேமரா' என்றே விளம்பரம் செய்தார்கள். 1915-ல் பிரிட்டிஷ் ராணுவம் போர்முனையில் சொந்தக் கேமராவுக்குத் தடை விதித்தது. அதையும் மீறிப் பலர் ஒளித்து வைத்துப் படமெடுத்தார்கள்.

இந்தக் கேமராவுக்கும் நம்ம குமரி மாவட்டத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. டாக்டர் ஹோவர்ட் சாமர்வெல் 1922 எவரெஸ்ட் பயணம் முடிந்து தென்னாட்டைப் பார்க்க வந்தவர். நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் காத்துக்கிடந்த நோயாளிக் கூட்டத்தைக் கண்டு, அங்கேயே வைத்தியம் செய்வதென்று முடிவெடுத்தார். பல வருஷம் அங்கே உழைத்தார். நெய்யூர் அப்போது திருவிதாங்கூரில் இருந்தது. 1924 எவரெஸ்ட் பயணத்திலும் அவர் இருந்தார். சிகரத்துக்குக் கிளம்பிய மாலரி தன் கேமராவை மறந்துவிட, சாமர்வெல் தன்னுடைய சின்னக் கோடக்கைக் கொடுத்தனுப்பினார். ஜூன் 8-ந் தேதி மாலரியும் இர்வினும் மேகத்தில் மறைந்தார்கள்.

1999-ல் மாலரியின் உடல் கிடைத்தது, கேமரா இல்லை. 2024-ல் இர்வினின் ஒரு பாதம் மட்டும் பூட்சோடு கிடைத்தது. அந்தக் கேமரா கிடைத்து, சுருளும் கெடாமல் இருந்தால், 1953-க்கு 29 வருஷம் முன்னாலேயே மனிதன் எவரெஸ்டில் ஏறினானா என்ற கேள்விக்கு விடை கிடைக்கலாம்.

நம் வீட்டுப் பரணிலும் மடக்கு கேமரா இருக்கலாம். பழைய இரும்புக்காரரிடம் போடும் முன் ஒருதரம் பாருங்கள். உள்ளே சுருள் இருந்தால் வெளிச்சத்தில் திறக்காதீங்க, விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். ஆல்பத்தில் 4 × 6.5 அளவில் குட்டிப் படம் இருந்தால், அது பெரும்பாலும் 127 சுருளில் எடுத்ததாக இருக்கும். அதில் இருப்பவர் யார் என்று கேமரா சொல்லாது, வீட்டுப் பெரியவர்கள்தான் சொல்ல வேண்டும். பிழைப்புக்காக ஊர்விட்டு வந்த நமக்கு அவர்களோடு உட்காரக் கிடைப்பது லீவு நாட்கள்தான். அடுத்த தடவை போகும்போது கேட்டு, படத்தின் பின்னால் பெயரும் வருஷமும் எழுதி வையுங்கள். கோடக் 3 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது இந்த வசதியைத்தான். நமக்கு ஒரு பென்சில் போதும்.