பூனை முடியின் மேல் விழுந்த பழி

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை காலை, தோழி ஒருத்தி கூடையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கூடைக்குள் அவள் மூன்றாண்டுகளாக வளர்த்த சாம்பல்நிறப் பூனை. அவளுடைய ஆறு வயது மகனுக்கு இரண்டு மாதங்களாகத் தும்மல் நிற்கவில்லை. இரவில் மூச்சிரைப்பும் சேர்ந்துகொண்டது. பூனையை அனுப்பிவிடுமாறு மருத்துவர் சொல்லியிருக்கிறார். “பூனை முடி நுரையீரலுக்குள் போய் ஒட்டிக்கொள்கிறதாம், அக்கா” என்றாள். என் பாட்டியும் இதையேதான் சொல்வார். நுரையீரல் என்பதற்குப் பதிலாக வயிறு என்பார், அவ்வளவே வேறுபாடு. சிறுவயது முதல் இரைப்பு உள்ள நான் இரண்டு பூனைகளோடு வாழ்ந்துவருவதால், அந்த ஒரு வாக்கியத்தின் வரலாற்றைச் சற்று விரிவாக எழுதத் தோன்றியது. நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

பூனைக்கும் இரைப்புக்கும் உள்ள உறவைப் பாட்டிமார் தவறாகக் கணிக்கவில்லை. ஐரோப்பிய மருத்துவம் அதைத் தெளிவாக எழுதிவைத்தது 19ஆம் நூற்றாண்டின் நடுவில்தான். தாமே ஆஸ்துமா நோயாளியாக இருந்த லண்டன் மருத்துவர் ஹென்றி ஹைட் சால்ட்டர் 1860இல் அந்நோய் பற்றி வெளியிட்ட நூல், விலங்குகளின் அருகாமை மூச்சுமுட்டலைத் தூண்டுவதைப் பேசுகிறது. பூனை அருகில் வந்தாலே கண் எரிந்து மூச்சுத் திணறுவதையும், அதன் நகம் பட்ட இடத்தில் தோல் தடித்தெழுவதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். இந்த இரண்டாவது செய்தி முக்கியமானது. பூனை நகம் தற்செயலாகச் செய்ததை மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி திட்டமிட்டுச் செய்தார்: தம் தோலைக் கீறி, அதில் மகரந்தத்தை வைத்து, தடிப்பு எழுவதைக் கண்டு 1873இல் எழுதினார். இன்று ஒவ்வாமை மருத்துவர்கள் முன்கையில் சொட்டுகளை வைத்து ஊசியால் குத்திப் பார்க்கும் சோதனை அதன் வழித்தோன்றலே.

நோய்க்கு அப்போது பொதுப்பெயர் இல்லை. வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமன்ஸ் ஃபான் பிர்கே 1906இல் ‘அலர்ஜி’ என்ற சொல்லை உருவாக்கினார். ‘வேறு’, ‘செயல்’ எனப் பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு அது. ஒரு பொருளை முன்பே சந்தித்த உடல் மறுமுறை வேறுவிதமாக நடந்துகொள்கிறது என்பதே அவர் கருத்து. அந்த வேறுவிதம் நோயாகவும் இருக்கலாம், நோயெதிர்ப்பாகவும் இருக்கலாம். பின்னர் மருத்துவ உலகம் நோயை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கைவிட்டது. தமிழில் நாம் தேர்ந்த ‘ஒவ்வாமை’ அழகிய சொல்தான், ஆனால் பிர்கேயின் கருத்தில் பாதியை மட்டுமே சுமக்கிறது. மற்றொரு பாதிக்குப் பிறகு வருகிறேன்.

அடுத்த வினா, உடலில் எது இந்த மாற்றத்தைச் செய்கிறது என்பது. 1921இல் ஜெர்மனியில் கார்ல் பிராவ்ஸ்னிட்ஸ், தம் நண்பர் ஹைன்ஸ் கியூஸ்ட்னரின் இரத்தநீரைத் தம் தோலுக்குள் செலுத்திக்கொண்டார். கியூஸ்ட்னருக்கு மீன் ஆகாது. மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றைச் செலுத்தியபோது, மீனை இயல்பாக உண்ணும் பிராவ்ஸ்னிட்ஸின் தோல் தடித்தது. இரத்தத்தில் ஏதோ இருக்கிறது என்று உறுதியாயிற்று. அந்த ‘ஏதோ’வுக்கு ஐ.ஜி.ஈ. எனப் பெயர் கிடைக்க 45 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஜப்பானியத் தம்பதி கிமிஷிகே, டெருகோ இஷிசாகா அமெரிக்காவில் அதைக் கண்டறிந்தது 1966இல்.

முடி குற்றமற்றது எனத் தெரியவந்தது 1970களில். அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஓமன் பூனையிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் ஃபெல் டி 1. அது பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் ஊறுகிறது. பூனை தன்னை நக்கும்போது முடியில் படிந்து, உலர்ந்து, நுண்துகளாகக் காற்றில் ஏறுகிறது. முடி வெறும் வாகனம். இத்துகள்களில் ஒரு பகுதி மிக நுண்ணியது என்பதால் நெடுநேரம் மிதக்கும். உடையில் ஒட்டிக்கொண்டு, பூனையே நுழையாத வீடுகளுக்கும் வகுப்பறைகளுக்கும் போய்ச் சேரும்.

ஆய்வகம் முடியை விடுவித்த பின்பும் சந்தை விடுவிக்கவில்லை. முடி உதிராத நாய் என்றால் தும்மல் வராது என்ற நம்பிக்கையில் இன்று இந்நகரில் பெருந்தொகை கைமாறுகிறது. அதன் தொடக்கம் ஆஸ்திரேலியாவில். ஹவாயில் வாழ்ந்த பார்வையற்ற பெண் ஒருவருக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. கணவருக்கோ நாய் ஒவ்வாமை. வாலி கான்ரன் என்பவர் 1989இல் லாப்ரடாரையும் பூடிலையும் கலந்தார். பிறந்த மூன்று குட்டிகளின் முடியும் எச்சிலும் அந்தக் கணவருக்கு அனுப்பப்பட்டன. ஒரே ஒரு குட்டி மட்டுமே அவருக்கு ஒத்துப்போனது. மூன்றில் இரண்டு தேறவில்லை என்ற செய்தியை விற்பனையாளர் எவரும் சொல்வதில்லை. கான்ரனே பிற்காலத்தில் தம் செயலுக்காக வருந்தினார்.

இனி பெங்களூருக்கு வருவோம். 1898இல் இந்நகரைப் பிளேக் தாக்கியது. பிளேக் மாரியம்மன் கோயில்களில் அந்த அச்சம் இன்றும் பெயராக நிற்கிறது. அந்தக் காலத்தில் பூனை நோய் தரும் விலங்காகப் பார்க்கப்படவில்லை; எலியைப் பிடிப்பதால் நோயைத் தடுப்பதாகவே கருதப்பட்டது. இந்திய மருத்துவப் பணியில் இருந்த ஆண்ட்ரூ புக்கானன், பூனைகள் மிகுந்த ஊர்களில் பிளேக் குறைவு என்று 1908இல் வாதிட்டார். (பூனைக்கும் பிளேக் தொற்றும் என்பது வேறு கதை.)

பிளேக்குக்குப் பின் விரைந்து வளர்ந்த பசவனகுடி, மல்லேஸ்வரம் பகுதிகளின் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். உயர்ந்த கூரை, கூரையை ஒட்டிக் காற்றுத் துளைகள், தினமும் ஈரத்துணியால் துடைக்கும் சிவப்புக் காவித்தரை. பூனைக்கு இடம் திண்ணையும் கொல்லையும். இன்றைய அடுக்கக வீட்டில் தாழ்ந்த கூரை, வண்டிப் புகைக்கும் கொசுவுக்கும் அஞ்சி மூடிய சன்னல், துணி போர்த்திய சோபா, கம்பளம். பூனை நம் தலையணையில். மெழுகிய தரையைவிடப் பன்மடங்கு ஒவ்வாப்பொருளைக் கம்பளம் தேக்கி வைக்கிறது. பூனை மாறவில்லை; அதைச் சுற்றியிருந்த வீடு மாறிவிட்டது.

இதை மிகைப்படுத்தவும் கூடாது. பெங்களூரின் குழந்தை மருத்துவர் எச். பரமேஷ் மருத்துவமனைக்கு வந்த 20,000 குழந்தைகளை ஆராய்ந்தபோது, ஆஸ்துமா 1979இல் 9 விழுக்காடாகவும் 1999இல் 29.5 விழுக்காடாகவும் இருந்தது. இந்த ஏற்றத்தைப் பூனையின் தலையில் கட்ட முடியாது. வாகனப் புகையும், பார்த்தீனியம் உள்ளிட்ட மகரந்தமும், மெத்தையில் வாழும் தூசிப்பூச்சியும் இந்நகரில் முன்வரிசையில் நிற்பவை. ஆகவே தோழியிடம் நான் முதலில் கேட்டது, “சோதனை செய்து பார்த்தீர்களா?” என்பதே. செய்யவில்லை.

பூனையை வெளியேற்றினால் மறுநாளே தீர்வு கிடைக்கும் என்பதும் தவறு. ஃபெல் டி 1 வீட்டில் தணிய ஐந்தாறு மாதங்கள் ஆகலாம். என் ஏற்பாடு எளியது: படுக்கையறைக்குள் பூனைக்கு அனுமதி இல்லை, கம்பளம் இல்லை, நாளும் ஈரத்துடைப்பு, காலையில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறப்பது. ஆண்பூனைக்குக் கருத்தடை செய்தால் புரதச் சுரப்பு குறைகிறது. குளிப்பாட்டுவது பயன் தரும், ஆனால் ஒரு வாரத்தில் பழைய அளவே திரும்பிவிடும். பூனை நம்மை மன்னிக்க அதைவிட நாளாகும். அணுகுண்டுத் திட்டத்தின்போது கதிரியக்கத் தூசைப் பிடிக்க உருவான ஹெப்பா வடிகட்டி இன்று என் கட்டிலருகே ஓடுகிறது. காற்றிலுள்ள துகள்களை அது குறைக்கும், தும்மலையும் அதே அளவு குறைக்கும் என்று ஆய்வுகள் உறுதி சொல்லவில்லை. இவற்றோடு மருத்துவர் தந்த உறிஞ்சியும் என்னிடம் எப்போதும் உண்டு. மூச்சிரைப்பு கட்டுக்கு அடங்காத குழந்தை என்றால் பூனை போகத்தான் வேண்டும். அங்கே வரலாற்றுக்கு வேலையில்லை.

பிர்கேயின் மறுபாதி இங்கேதான் வருகிறது. 2001இல் தாமஸ் பிளாட்ஸ்-மில்ஸ் குழுவினர், பூனையோடு அதிகம் புழங்கிய குழந்தைகள் பலரின் இரத்தத்தில் பூனைப் புரதத்துக்கு எதிரணு இருந்தும் ஒவ்வாமை இல்லாததைக் கண்டனர், அது ஐ.ஜி.ஈ. அன்று, வேறுவகை எதிரணு. உடல் வேறுவிதமாக நடந்துகொண்டது, நோயின்றி. யாருடைய உடல் எந்தப் பக்கம் சாயும் என்று முன்கூட்டிச் சொல்ல இன்றும் வழியில்லை. பெரியவர் ஒருவர் பூனை வாங்கிப் பழகிக்கொள்ளலாம் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம்.

சிறுவனுக்கு அடுத்த வியாழனன்று தோல் சோதனை. அதுவரை சாம்பல் பூனை என்னிடம் இருக்கிறது. என் பூனைகள் இரண்டும் அலமாரி மேலிருந்து அதை வெறுப்போடு பார்க்கின்றன. சனிதோறும் தோழி வந்து ஒரு மணி நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். வீடு சேர்ந்ததும் உடை மாற்றிய பிறகே மகனைத் தூக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இப்போதெல்லாம் மாற்றுச் சுடிதாரைப் பையில் போட்டுக்கொண்டே வருகிறாள்.