பங்குச்சந்தைக்கு வந்த காயின்பேஸ்: நம் பணம் அங்கே அமானிதமா, கடனா?

2021 ஏப்ரல் 14 அன்று அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் காயின்பேஸ் நிறுவனத்தின் பங்குகள் முதன்முதலாக விற்பனைக்கு வந்தன. பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களை மக்கள் வாங்கவும் விற்கவும் வைத்திருக்கவும் இடம் தரும் நிறுவனம் அது. இத்தொழிலில் உள்ள பெரிய நிறுவனம் ஒன்று அமெரிக்கப் பங்குச்சந்தையில் இடம் பிடித்தது அதுவே முதல் முறை. அன்று மாலை ஒரு பங்கின் விலை 328 டாலர். நிறுவனத்தின் மொத்த மதிப்பு 8,500 கோடி டாலரைத் தாண்டியது.

‘அமெரிக்கப் பங்குச்சந்தையில் இருக்கிற கம்பெனி, அரசாங்கம் கணக்குப் பார்க்கிற கம்பெனி, அதில் போட்ட பணம் எங்கே போய்விடும்?’ என்று நம்மிடம் கேட்கும் இளைஞர்கள் உண்டு. வளைகுடாவில் சம்பாதித்து அனுப்பும் பிள்ளைகளின் பெற்றோரும் கேட்கிறார்கள். கிரிப்டோ ஆகுமா ஆகாதா என்ற மார்க்கச் சட்டப் பிரச்சினை வேறு. எகிப்தின் ஃபத்வா இல்லம் 2018இல் பிட்காயினைத் தடுத்தது. மலேசியப் பங்கு ஆணையத்தின் ஷரீஅத் ஆலோசனைக் குழு 2020இல் சில நிபந்தனைகளுடன் அனுமதித்தது. அந்தக் கருத்து வேறுபாட்டுக்குள் நாம் இப்போது நுழையவில்லை. காயின்பேஸ் பங்குச்சந்தைக்கு வந்தபின் நடந்தவற்றை மட்டும் பார்ப்போம்.

முதலில், அது எப்படிப் பங்குச்சந்தைக்கு வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வழக்கமாக ஒரு நிறுவனம் புதிய பங்குகளை வெளியிட்டு, தொழிலை விரிவாக்கப் பணம் திரட்டும். காயின்பேஸ் அப்படிச் செய்யவில்லை. ‘நேரடிப் பட்டியலிடல்’ என்ற முறையில், ஏற்கெனவே பங்கு வைத்திருந்த நிறுவனர்களும் ஆரம்பகால முதலீட்டாளர்களும் ஊழியர்களும் தங்கள் பங்குகளைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். அந்தப் பணம் நிறுவனத்துக்குப் போகவில்லை, விற்றவர்களுக்குப் போனது. தலைமை நிர்வாகி பிரையன் ஆம்ஸ்ட்ராங் விற்ற பங்குகள் மட்டும் ஏறத்தாழ 29 கோடி டாலர். சட்டப்படி இதற்குத் தடை இல்லை. ஆனால், வரப்போகும் மோசமான செய்திகளை அறிந்தே உயரதிகாரிகள் விற்றார்கள் என்று குற்றம் சாட்டி, ஒரு பங்குதாரர் 2023இல் டெலவேர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். நிறுவனம் அதை மறுத்தது.

காயின்பேஸின் வருமானத்தில் பெரும்பகுதி, மக்கள் வாங்கி விற்கும்போது பிடிக்கும் கமிஷன். விலை ஏறும்போது எல்லோரும் ஓடி வருவார்கள், கமிஷன் கொட்டும். இறங்கும்போது யாரும் வரமாட்டார்கள். 2021இல் மொத்த வருமானம் 780 கோடி டாலர், நிகர லாபம் 360 கோடி டாலர். 2021 நவம்பரில் 69,000 டாலரை நெருங்கிய பிட்காயின், அடுத்த ஆண்டு முடிவில் 17,000 டாலருக்கும் கீழே கிடந்தது. 2022இல் காயின்பேஸின் வருமானம் 320 கோடி டாலராகச் சுருங்கியது. நிகர நட்டம் 260 கோடி டாலர். அதில் 110 கோடி ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான மூன்றே மாதங்களில் வந்தது. அந்த ஜூன் மாதம் 1,100 பேர் அளவுக்கு வேலையிழந்தார்கள், 2023 ஜனவரியில் மேலும் 950 பேர். 328 டாலருக்கு விற்ற பங்கு 2022 டிசம்பர் இறுதியில் 35 டாலர். முதல் நாள் ஒரு லட்சம் ரூபாய் போட்டவரிடம் பதினோராயிரம் ரூபாய்கூடத் தேறவில்லை என்று அர்த்தம்.

இது பங்கு வாங்கியவர்களின் நட்டம். கிரிப்டோ நாணயங்களை அங்கே வைத்திருந்த சாதாரண வாடிக்கையாளருக்கு இதைவிட முக்கியமான செய்தி 2022 மே மாதம் வெளியான காலாண்டு அறிக்கைக்குள் இருந்தது. அப்போது வாடிக்கையாளர்களுக்காக அந்நிறுவனம் வைத்திருந்த பணமும் நாணயங்களும் 25,600 கோடி டாலர் மதிப்புள்ளவை. நிறுவனம் திவாலானால் அந்தச் சொத்துகள் திவால் சொத்தின் ஒரு பகுதியாகக் கருதப்படலாம் என்றும், வாடிக்கையாளர்கள் ஈடு ஏதுமில்லாத பொதுக் கடன்காரர்களாக நடத்தப்படலாம் என்றும் அறிக்கை சொன்னது.

மத்ரஸாவில் ஃபிக்ஹ் படித்தவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. ஒருவரிடம் பொருளைப் பாதுகாக்கக் கொடுத்தால் அது அமானிதம், அரபியில் வதீஆ. பொருள் கொடுத்தவருக்கே சொந்தம். வைத்திருப்பவர் அதைத் தன் தேவைக்குப் பயன்படுத்தக் கூடாது. அவர் நொடித்துப்போனாலும் அவருடைய கடன்காரர்கள் அந்தப் பொருளைப் பங்கு போட முடியாது, உரியவர் வந்து எடுத்துக்கொள்வார். கடன் கொடுத்தால் நிலைமை வேறு. பணம் வாங்கியவருக்குச் சொந்தமாகிவிடுகிறது, நமக்கு மிஞ்சுவது திருப்பிக் கேட்கும் உரிமை மட்டுமே. அவர் நொடித்தால் மற்றக் கடன்காரர்களோடு நாமும் வரிசையில் நிற்க வேண்டும். வாடிக்கையாளர்கள் அமானிதமாக நினைத்து வைத்தது, நெருக்கடி வந்தால் நீதிமன்றத்தில் கடனாகிவிடலாம் என்பதே அந்த அறிக்கையின் பொருள்.

அறிக்கை வந்த மறுநாள் பங்கு விலை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சரிந்தது. திவாலாகும் அபாயம் எதுவும் இல்லை, பங்குச்சந்தை ஆணையத்தின் புதிய கணக்கு விதிக்காகவே அதை எழுதினோம், வாடிக்கையாளர்களிடம் முன்பே தெளிவாகச் சொல்லாதது தவறு என்று ஆம்ஸ்ட்ராங் விளக்கம் தந்து மன்னிப்பும் கேட்டார். நியாயமாகச் சொல்வதானால் காயின்பேஸ் திவாலாகவில்லை. அதே ஆண்டு நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். என்ற மற்றொரு எக்ஸ்சேஞ்ச் வாடிக்கையாளர் பணத்தை எடுத்துச் செலவழித்து வீழ்ந்தது. அத்தகைய குற்றம் காயின்பேஸ் மீது நிரூபிக்கப்படவில்லை. எஃப்.டி.எக்ஸ். பங்குச்சந்தைக்கு வராத நிறுவனம், ஆகவே இப்படி ஓர் அறிக்கையைப் பொதுமக்கள் முன் வைக்கும் கட்டாயம் அதற்கு இருக்கவில்லை. பங்குச்சந்தையில் இடம்பெறுவது நம் பணத்துக்கான உத்தரவாதம் அல்ல. தன் பலவீனத்தை எழுதி வைக்கும் கட்டாயத்தை நிறுவனத்துக்கு அது உண்டாக்குகிறது, அவ்வளவுதான்.

சட்டப் பிரச்சினைகள் பங்குச்சந்தைக்கு வந்த ஆண்டிலேயே தொடங்கிவிட்டன. டாலருக்கு இணையான யு.எஸ்.டி.சி. நாணயத்தைக் கொடுத்துவைத்தால் ஆண்டுக்கு 4 சதவீதம் தருவோம் என்று ‘லெண்ட்’ என்ற திட்டத்தை 2021இல் அறிவித்தார்கள். பெயரே கடன், கிடைப்பது வட்டி. இதில் மார்க்கச் சட்டம் கேட்க யாரிடமும் போக வேண்டியதில்லை. வழக்குப் போடுவோம் என்று பங்குச்சந்தை ஆணையம் செப்டம்பரில் எச்சரித்தது. ஆம்ஸ்ட்ராங் சமூக ஊடகத்தில் கோபத்தைக் கொட்டினார். அதே மாதம் திட்டம் கைவிடப்பட்டது.

2022 ஜூலையில் காயின்பேஸின் முன்னாள் மேலாளர் ஒருவர் மீதும் அவருடைய சகோதரர், நண்பர் மீதும் வழக்குப் பதிவானது. எந்த நாணயம் அடுத்து காயின்பேஸில் சேர்க்கப்படும் என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும். அறிவிப்பு வந்தால் விலை ஏறும். அதற்குமுன் அந்த இருவரும் வாங்கி வைத்து, குறைந்தது 11 லட்சம் டாலர் லாபம் பார்த்தார்கள் என்பது குற்றச்சாட்டு. விசாரணை நெருங்கியபோது இந்தியாவுக்கு ஒருவழி டிக்கெட் எடுத்த அந்த மேலாளர் விமான நிலையத்தில் தடுக்கப்பட்டார். பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டு இரண்டாண்டு சிறைத்தண்டனை பெற்றார்.

2023 ஜனவரியில் நியூயார்க் மாநில நிதித்துறையுடன் 10 கோடி டாலருக்கு உடன்பாடு ஏற்பட்டது. பாதி அபராதம், மீதி குறைகளைச் சரிசெய்யச் செலவழிக்க வேண்டியது. சந்தேகத்துக்குரிய பரிமாற்றங்கள் பற்றி வந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எச்சரிக்கைகள் 2021 இறுதியில் யாரும் பார்க்காமல் குவிந்து கிடந்தன என்று நிதித்துறை கண்டறிந்தது. வியாபாரம் வளர்ந்த வேகத்தில் கண்காணிப்பு வளரவில்லை.

2023 ஜூன் 6 அன்று பங்குச்சந்தை ஆணையமே வழக்குத் தொடுத்தது. உரிய பதிவின்றிப் பங்குப் பத்திரங்களுக்கு இணையான நாணயங்களை விற்க இடம் கொடுக்கிறது என்பது முக்கியக் குற்றச்சாட்டு. 2024 மார்ச்சில் நீதிபதி வழக்கின் பெரும்பகுதி தொடரலாம் என்றார். ஆட்சி மாறியபின், 2025 பிப்ரவரியில் ஆணையம் தானே வழக்கைக் கைவிட்டது. அந்த நாணயங்கள் சட்டப்படி என்ன என்ற கேள்விக்கு அந்த வழக்கில் இறுதித் தீர்ப்பே வரவில்லை. ‘கேஸ் ஜெயித்துவிட்டது’ என்று பரப்பப்படுவது சரியல்ல.

இந்தியாவில் அது நுழைய முயன்ற கதை சிறியது. 2022 ஏப்ரல் 7 அன்று யு.பி.ஐ. மூலம் பணம் செலுத்தலாம் என்று பெங்களூரில் அறிவித்தது. எந்தக் கிரிப்டோ நிறுவனமும் யு.பி.ஐ.யைப் பயன்படுத்துவதாகத் தமக்குத் தெரியாது என்று தேசியப் பணம் செலுத்துகைக் கழகம் அறிக்கை விட்டது. சில நாட்களில் அந்த வசதி நின்றுபோனது. ரிசர்வ் வங்கியின் மறைமுக அழுத்தமே காரணம் என்றார் ஆம்ஸ்ட்ராங். நம் நாட்டில் வங்கி வைப்புக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு, கிரிப்டோவுக்கு அது கிடையாது. லாபத்துக்கு 30 சதவீத வரி மட்டும் உண்டு.

2025 மே மாதம் வந்த செய்தி, குடும்பங்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டியது. வெளிநாடுகளில் இருந்த வாடிக்கையாளர் சேவை ஊழியர்கள் சிலருக்கு லஞ்சம் கொடுத்து, சுமார் 69,000 பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், அடையாள அட்டைப் படங்கள் போன்றவற்றைத் திருடர்கள் எடுத்துவிட்டார்கள். கடவுச்சொற்கள் போகவில்லை. ஆனால் அந்த விவரங்களை வைத்து, ‘காயின்பேஸிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணக்கு ஆபத்தில் இருக்கிறது, உடனே இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள்’ என்று போன் செய்து ஏமாற்றுவதே அவர்கள் திட்டம். இரண்டு கோடி டாலர் கேட்டு மிரட்டினார்கள். நிறுவனம் மறுத்து, அதே தொகையைத் துப்புக் கொடுப்பவருக்குப் பரிசாக அறிவித்தது. ஏமாந்தவர்களுக்குத் திருப்பித் தருவது உட்பட 18 கோடி முதல் 40 கோடி டாலர் வரை செலவாகும் என்று மதிப்பிட்டது. அதே மாதத்தில்தான் அமெரிக்காவின் முக்கியப் பங்குக் குறியீடான எஸ்&பி 500இல் காயின்பேஸ் சேர்க்கப்பட்டது.

ஏற்கெனவே இதில் பணம் வைத்திருக்கும் சகோதரர்கள், காயின்பேஸோ வேறு எக்ஸ்சேஞ்சோ, அதன் வாடிக்கையாளர் ஒப்பந்தத்தில் ஒரே ஒரு பகுதியை எடுத்துப் படியுங்கள்: நிறுவனம் நொடித்தால் நாணயம் யாருக்குச் சொந்தம்? காயின்பேஸ் 2022க்குப் பின் அந்த இடத்தைத் திருத்தி எழுதியது, பல நிறுவனங்களின் ஒப்பந்தங்களில் அந்தப் பகுதியே இருப்பதில்லை. ஆங்கிலம் புரியாத பெற்றோருக்குப் பிள்ளைகள் உட்கார்ந்து படித்துக் காட்டலாம். பங்குச்சந்தைக்கு வந்த நிறுவனமென்றால் அதன் காலாண்டு, ஆண்டு அறிக்கைகள் அமெரிக்க ஆணையத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அபாயங்களைச் சொல்லும் பகுதியும் அதற்குள்தான் இருக்கிறது. 2022 மே மாத அறிக்கை இன்றும் அங்கே இருக்கிறது.